வைரஸ் போன பின்னும் காலையில் வந்து நிற்கும் பிழைப் பெட்டி: ஃபார்மேட் செய்யத்தான் வேண்டுமா?

கேள்வி: வணக்கமுங்க. பெருமாநல்லூர் பக்கம் எம்பிராய்டரி ஜாப் ஒர்க் பண்றமுங்க. ஆபீஸ் கம்ப்யூட்டர் விண்டோஸ் 10. போன மாசம் ஒரு பார்ட்டி குடுத்த பென் டிரைவைச் சொருகுனதும், அதுல இருந்த டிசைன் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா நின்னுச்சு. தெரியாம அதைத் தொறந்துட்டமுங்க. அப்புறம் ஆன்டிவைரஸ் ஓட்டுனதுல 11 புடிச்சு அழிச்சதாக் காட்டுச்சு. அதுல இருந்து தினமும் காலைல கம்ப்யூட்டர் போட்டா ரெண்டு பொட்டி வருதுங்க. ஒண்ணு 'ரன்டிஎல்எல்'னு பேர் போட்டு, ஏதோ ஒரு டிஎல்எல் ஃபைல் பேரைச் சொல்லி, 'ஸ்பெசிஃபைட் மாட்யூல் குட் நாட் பி ஃபவுண்ட்'ங்குது. இன்னொண்ணு 'விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்', விபிஎஸ் ஃபைல் ஒண்ணைக் காணமுங்குது. ஓகே அமுக்குனாப் போயிருது. சர்வீஸ் பண்ற தம்பி ஃபார்மேட் பண்ணோணுங்கறாரு. டேலி, ஜிஎஸ்டி பில்லு எல்லாம் அதுலதானுங்க. கூட்டாளி ஒருத்தர் அந்த டிஎல்எல்லை நெட்டுல எறக்கிப் போட்டாச் செரியாப் போயிருங்கறாரு. என்ன பண்றதுங்க?

பதில்: ஃபார்மேட் இப்போதைக்கு வேண்டாம். டிஎல்எல்லை இறக்கிப் போடுவது எப்போதைக்கும் வேண்டாம்.

வேலையை விட்டு நிறுத்திய ஆளின் பெயரை வருகைப் பதிவேட்டில் அடிக்காமல் விட்டால், சூப்பர்வைசர் தினமும் காலையில் அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார். உங்கள் கம்ப்யூட்டரிலும் அதேதான் நடக்கிறது. வைரஸ் உள்ளே வந்தபோது இரண்டு வேலைகளைச் செய்தது. தன் ஃபைலை ஒரு மறைவான ஃபோல்டரில் போட்டது. 'விண்டோஸ் தொடங்கும்போதெல்லாம் இதை ஓட்டு' என்று ஒரு வரியை வேறோர் இடத்தில் எழுதி வைத்தது. ஆன்டிவைரஸ் ஃபைலைத் தூக்கிவிட்டது, வரியை விட்டுவிட்டது. விண்டோஸ் அந்த வரியைப் படித்து, ஃபைலைத் தேடி, காணவில்லை என்கிறது. உங்கள் கூட்டாளி சொல்வது, நிறுத்திய ஆளின் பெயரில் முன்பின் தெரியாத ஒருவரைக் கூட்டி வந்து உட்கார வைப்பது போல. அதுவும் அந்தப் பெயர் வைரஸ் தனக்குத்தானே வைத்துக்கொண்டது. அதே பெயரில் இணையத்தில் ஒரு ஃபைல் கிடைத்தால் அது எதுவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெட்டியில் ரன்டிஎல்எல் என்ற பெயரைப் பார்த்துவிட்டு, சிஸ்டம்32 ஃபோல்டரில் இருக்கும் ரன்டிஎல்எல்32 நிரலையே அழிக்கப் போகிறவர்கள் உண்டு. அது விண்டோஸின் சொந்த நிரல். டிஎல்எல் ஃபைல் தானாக ஓடாது என்பதால், அதை ஓட்டிக் கொடுப்பதற்காக இருப்பது. விபிஎஸ் என்ற ஸ்கிரிப்ட் ஃபைலுக்கு அந்த வேலையைச் செய்வது டபிள்யூஸ்கிரிப்ட். இரண்டும் கூப்பிடும் ஆட்கள்தான், அவற்றைத் தொட வேண்டாம்.

நாளைக் காலை பெட்டி வந்ததும் ஓகே அமுக்காமல் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஃபைலின் பெயரும் முழு முகவரியும் இருக்கும். இனித் தேடப்போகும் எல்லா இடத்திலும் அந்தப் பெயர்தான் துப்பு. முகவரி பெரும்பாலும் சி டிரைவில், யூசர்ஸ் ஃபோல்டரில், உங்கள் பெயருக்குக் கீழே ஆப்டேட்டா என்று போகும். அட்மின் அனுமதி இல்லாமலே எழுத முடிகிற இடம் என்பதால் வைரஸ்களுக்கு அது தோது. மாறாக, முகவரியில் பிரின்டர் கம்பெனி பெயரோ, நீங்கள் முன்பு நீக்கிய ஏதாவது மென்பொருளின் பெயரோ இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. அரைகுறையாக நீக்கிய நல்ல நிரல்களும் இதே பெட்டியைக் காட்டும். சில ஆண்டுகளுக்கு முன் 'பேக்ரவுண்ட்கன்டெய்னர்.டிஎல்எல்' காணவில்லை என்ற பெட்டி உலகம் முழுக்கப் பலரைப் படுத்தியது. அது காண்டூயிட் என்ற பிரவுசர் டூல்பார், குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் விட்டுப்போன மிச்சம்.

வரியை நீக்கும் முன் ஆள் நிஜமாகவே போய்விட்டானா என்று பார்த்தாக வேண்டும். ஆன்டிவைரஸின் ஹிஸ்டரியைத் திறந்து, பிடித்த பதினொன்றின் பெயர்களையும் படியுங்கள். அங்கே சாலிட்டி, விருட் போன்ற பெயர்கள் இருந்தால் சர்வீஸ் தம்பி சொல்வதே சரி. அவை தனி ஃபைலாக உட்காராமல், கம்ப்யூட்டரில் உள்ள மற்ற எக்ஸ்இ ஃபைல்களுக்குள்ளே புகுந்துகொள்ளும் ரகம். ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து எதையும் நம்ப முடியாது, ஃபார்மேட்தான் வழி. கடவுச்சொல் திருடும் ரகம் என்று காட்டினாலும், அந்தக் கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங் செய்கிறவர் ஃபார்மேட் செய்துவிடுவதே மேல். ஷார்ட்கட் வைரஸ், வார்ம், ட்ரோஜன் டிராப்பர் என்ற அளவில் இருந்தால் கீழே சொல்வது போதும்.

எதற்கும் முன்னால் டேலி. டேட்டா மெனுவில் பேக்கப் எடுத்து, புதிதாக ஃபார்மேட் செய்த ஒரு வெளி டிஸ்கில் போடுங்கள். வைரஸ் வந்த பென் டிரைவில் போட வேண்டாம். பில், எக்செல், பிடிஎஃப், டிசைன் ஃபைல்கள் மட்டும் போதும். எக்ஸ்இ, விபிஎஸ், ஷார்ட்கட் எதையும் எடுக்காதீர்கள். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஒரே கம்ப்யூட்டரில் ஒரே பிரதியாக வைத்திருப்பது இந்த வைரஸைவிடப் பெரிய ஆபத்து. பேக்கப் எடுத்ததோடு நிற்காமல், வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து திறக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், அதில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ், அதில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழுந்திருக்கும் முன்பே சுமார் 15 நிமிடம் தேடும். ஓடிக்கொண்டிருக்கும் வைரஸ் தன்னை மறைத்துக்கொள்ளலாம், தூங்கும்போது முடியாது. வேறு கம்பெனி ஆன்டிவைரஸ் போட்டிருப்பதால் அந்த வசதி தெரியவில்லை என்றால், மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கி ஃபுல் ஸ்கேன் ஓட்டுங்கள். எந்த ஆன்டிவைரஸுடனும் மோதாது. இறக்கிய 10 நாளில் காலாவதியாகிவிடும், ஆகவே எப்போதோ இறக்கி வைத்த பழைய பிரதி உதவாது. ஸ்கேன் முடிந்த கையோடு டிஃபெண்டரின் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலையும் பாருங்கள். 'இந்த ஃபோல்டரைத் தேடாதே' என்று வைரஸே அங்கே எழுதி வைப்பது வழக்கமான தந்திரம். நீங்கள் போடாத எதுவும் அங்கே இருக்கக் கூடாது.

இப்போது வரியைத் தேடலாம். தேடும் முன் இரண்டு சின்னச் சோதனைகள் வேலையைப் பாதியாகக் குறைக்கும். கம்ப்யூட்டரில் இன்னொரு யூசர் கணக்கில் நுழைந்து பாருங்கள். அங்கே பெட்டி வரவில்லை என்றால், வரி உங்கள் கணக்குக்கு மட்டும் உரிய இடத்தில் இருக்கிறது. வந்தால், எல்லோருக்கும் பொதுவான இடத்தில். பெட்டி காலையில் ஒருமுறை மட்டும் வருகிறதா, நடுவிலும் அரைமணிக்கு ஒருதரம் தலைகாட்டுகிறதா என்றும் கவனியுங்கள். நடுவில் வந்தால் டாஸ்க் ஷெட்யூலரைச் சந்தேகியுங்கள்.

கையால் தேட விரும்பினால், முதலில் டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதி. அங்கே தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து 'கமாண்ட் லைன்' என்ற பத்தியை வரவழையுங்கள். அது இல்லாமல் பார்த்தால் 'விண்டோஸ் ஹோஸ்ட் ப்ராசஸ்' என்று நல்ல பிள்ளை மாதிரிதான் தெரியும். பத்தி வந்ததும் ரன்டிஎல்எல்32க்குப் பின்னால் உங்கள் டிஎல்எல் பெயர் நிற்பதைக் காண்பீர்கள். அடுத்து ஸ்டார்ட்அப் ஃபோல்டர்: விண்டோஸ் கீயும் ஆரும் அழுத்தி, ஷெல், கோலன், ஸ்டார்ட்அப் என்று ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் அடித்தால் திறக்கும். விபிஎஸ் வரிகள் பெரும்பாலும் இங்கே ஒரு ஷார்ட்கட்டாகக் கிடக்கும். டாஸ்க் ஷெட்யூலரில் லைப்ரரியைத் திறந்து ஒவ்வொரு டாஸ்க்கின் ஆக்‌ஷன்ஸ் பகுதியைப் படிக்க வேண்டும். பெயரை நம்ப வேண்டாம், அது எதை ஓட்டுகிறது என்பதை மட்டும் பாருங்கள். 2008இல் பரவிய கான்ஃபிக்கர் வார்ம் இப்படித்தான் ஷெட்யூலரில் ரன்டிஎல்எல்32 வைத்து டாஸ்க் போட்டது. அத்தனை வருடம் கழித்தும் பழக்கம் மாறவில்லை.

இவை எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் காட்டும் கருவி ஆட்டோரன்ஸ். மார்க் ரஸினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் நடத்திய சிஸ்இன்டர்னல்ஸின் படைப்பு. 2006இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது; இன்றும் மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசம். இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. ஜிப்பைப் பிரித்து, ஆட்டோரன்ஸ்64 மேல் ரைட் கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். எவ்ரிதிங் பகுதி ஓடி முடியும்வரை பொறுங்கள். பிறகு மேலே உள்ள ஃபில்டர் பெட்டியில் நீங்கள் படம் எடுத்த ஃபைல் பெயரை அடியுங்கள். வரி வந்து நிற்கும். வரவில்லை என்றால் ரன்டிஎல்எல்32 என்றும் டபிள்யூஸ்கிரிப்ட் என்றும் அடித்துப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் வரிகளை மறைக்கும் வசதி ஒன்று அதில் உண்டு. இந்த வேலைக்கு அதை நம்பியிருக்காதீர்கள்: கூப்பிடுகிற ஆள் மைக்ரோசாஃப்டுக்காரர் என்பதால் உங்களுக்கு வேண்டிய வரியும் சேர்ந்தே மறைந்துபோக இடமுண்டு.

ஃபைல் இல்லாத வரிகளை ஆட்டோரன்ஸ் மஞ்சளில் காட்டும். மஞ்சள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அழிக்கத் தோன்றும், செய்யாதீர்கள். சுத்தமான விண்டோஸிலும் சில மஞ்சள் வரிகள் இருக்கும். உங்கள் பெட்டியில் வந்த இரண்டு பெயர்களுக்கு உரிய வரிகளை மட்டும் டிக் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். டிக் எடுத்தால் வரி அழியாது, ஒதுக்கி வைக்கப்படும். தவறாகத் தொட்டிருந்தால் திரும்ப டிக் போட்டுக்கொள்ளலாம். இரண்டு நாள் சத்தமில்லாமல் போனபின் டெலீட் செய்யலாம். சோதிக்கும்போது ஷட் டவுன் செய்து மறுபடி போடுவதைவிட ரீஸ்டார்ட் கொடுப்பதே சரி. விண்டோஸ் 10இல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால், ஷட் டவுன் செய்தாலும் சிஸ்டத்தின் ஒரு பகுதி அப்படியே உறைந்து மறுநாள் எழுந்து வரும்.

விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் நேரடியாகக் கை வைப்பவர்கள் அறிய வேண்டியது ஓர் இடம் பற்றி. தொடங்கும்போது ஓட வேண்டியவற்றின் பட்டியலான ரன் கீயில் உள்ள வைரஸ் வரியை முழுதாக அழித்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் விண்டோஸ் என்டி, கரன்ட்வெர்ஷன், வின்லாகான் என்று போகும் கீயில் ஷெல், யூசர்இனிட் என்று இரண்டு வரிகள் உண்டு. அவை விண்டோஸுக்கே உரியவை. சில விபிஎஸ் வைரஸ்கள் யூசர்இனிட் வரியின் கடைசியில் ஒரு காற்புள்ளி போட்டுத் தங்கள் பெயரை ஒட்டிவிடும். அங்கே வரியை அழித்தீர்களானால், கடவுச்சொல் போட்டதும் உள்ளே விட்டு உடனே வெளியே தள்ளும். திரும்பத் திரும்ப அதே. ஆகவே திருத்த வேண்டும், அழிக்கக் கூடாது. யூசர்இனிட்டில் சி டிரைவின் விண்டோஸ், சிஸ்டம்32, யூசர்இனிட்.எக்ஸ்இ என்ற முகவரியும் அதன் பின்னால் ஒரு காற்புள்ளியும் மட்டும் இருக்க வேண்டும். ஷெல்லில் எக்ஸ்ப்ளோரர்.எக்ஸ்இ மட்டும். எதைத் தொடும் முன்பும் அந்தக் கீயை ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

வின்லாகான் வரி கெட்டிருந்தால், விபிஎஸ் காணவில்லை என்ற பெட்டியோடு திரை கறுப்பாகவே நிற்பதும் உண்டு. டெஸ்க்டாப் வராது. பார்ப்பவர்கள் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று நினைத்துவிடுவார்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதன் ஃபைல் மெனுவில் 'ரன் நியூ டாஸ்க்' கொடுத்து ரெஜ்எடிட் என்று அடித்துத் திறந்து, யூசர்இனிட்டைத் திருத்தி ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. இதற்கு ஃபார்மேட் செய்து காசு வாங்குவது அநியாயம்.

நீக்கிய வரி ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு திரும்ப வந்து நின்றாலோ, பெட்டியில் ஃபைல் பெயர் நாளுக்கொன்றாக மாறினாலோ, 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் போட்டால் தானாகவே எடுபட்டாலோ, அது மிச்சம் கிடையாது. ஆள் உள்ளே இருக்கிறான். அப்போது கம்ப்யூட்டரை வைஃபையிலிருந்து பிரித்து, பேக்கப் கையில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, தம்பியைக் கூப்பிட்டு ஃபார்மேட் செய்யச் சொல்லுங்கள். ரெஜிஸ்ட்ரி கிளீனர் என்று விற்கும் மென்பொருள்களுக்கு இரண்டு நிலையிலும் வேலையில்லை.

எல்லாம் சரியான பிறகு, விபிஎஸ் பக்கத்தையே மூடிவிடலாம். ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட், செட்டிங்ஸ் என்ற கீயில் 'எனேபிள்ட்' என்று ஒரு டிவேர்ட் உருவாக்கி மதிப்பு 0 கொடுத்தால், விபிஎஸ் போன்ற ஸ்கிரிப்ட் எதுவும் ஓடாது. ஏதாவது மென்பொருள் முரண்டு பிடித்தால் 1 ஆக்கிவிடுங்கள். இதை முதலிலேயே செய்தால் பழைய பெட்டிக்குப் பதில் 'ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் முடக்கப்பட்டுள்ளது' என்று புதுப் பெட்டி வரும், அவ்வளவுதான். அதனால் வரியை நீக்கிய பிறகே செய்யுங்கள்.

கடவுச்சொற்களையும் மாற்றிவிடுங்கள்: மெயில், நெட் பேங்கிங், ஜிஎஸ்டி தளம், டிஜிட்டல் கையொப்ப டோக்கன். மாற்றும் வேலையைச் செல்போனிலோ வேறு கம்ப்யூட்டரிலோ செய்யுங்கள், இதில் வேண்டாம். டோக்கனுக்கு மட்டும் கம்ப்யூட்டர் தேவைப்படும். வங்கிக் கணக்கில் தெரியாத பணப் பரிமாற்றம் கண்ணில் பட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

இனி பென் டிரைவ். இதைச் சரி செய்யாவிட்டால் அடுத்த வாரம் அதே பெட்டிக்குத் திரும்புவீர்கள். விண்டோஸ் 7 முதலே பென் டிரைவைச் சொருகியதும் தானாக எதுவும் ஓடுவதில்லை. நாம் ஷார்ட்கட்டைத் திறந்தால்தான் ஓடும். அது வைரஸையும் ஓட்டி, ஏமாற்றுவதற்காக உண்மையான ஃபோல்டரையும் திறந்து காட்டும். ஆகவே 'டிசைன் திறந்துச்சே, பின்ன எப்படி வைரஸு' என்று தோன்றும். உங்கள் டிசைன்கள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. எக்ஸ்ப்ளோரரின் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, 'ப்ரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' டிக்கையும் எடுங்கள். மங்கலாக ஒரு ஃபோல்டர் தெரியும்; பல சமயம் அதற்குப் பெயரே இருக்காது. அதற்குள் இருக்கும் டிஎஸ்டி (எம்பிராய்டரி டிசைன்) ஃபைல்களை மட்டும் கம்ப்யூட்டருக்கு எடுத்துக்கொண்டு, பென் டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள். ஃபார்மேட் தேவைப்படுவது இங்கேதான். எஃப்ஏடி32 தேர்ந்தெடுங்கள், எம்பிராய்டரி மெஷின்கள் பல அதைத்தான் படிக்கும்.

ஷார்ட்கட்டை அடையாளம் காண எக்ஸ்டென்ஷனை நம்ப முடியாது. எக்ஸ்டென்ஷன்களைக் காட்டச் சொன்னாலும் ஷார்ட்கட்டின் எல்என்கே மட்டும் மறைந்தே இருக்கும். டீட்டெய்ல்ஸ் வியூவில் 'டைப்' பத்தியைப் பாருங்கள். அளவும் காட்டிக்கொடுக்கும். டிஎஸ்டி ஃபைலில் தலைப்புக்கு 512 பைட், அதன்பின் ஒரு தையலுக்கு 3 பைட். 50,000 தையல் டிசைன் என்றால் ஏறத்தாழ 150 கேபி இருக்க வேண்டும். அந்தப் பெயரில் 1, 2 கேபியில் ஒன்று நின்றால் அது டிசைன் அல்ல.

இதே கணக்கில் பார்த்தால் டிசைனுக்குப் பென் டிரைவே தேவையில்லை. 150 கேபியை மெயிலிலோ, வாட்ஸ்அப்பில் டாக்குமெண்ட்டாகவோ பார்ட்டி அனுப்பிவிடலாம். மெஷினுக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் நடுவே மட்டும் போய்வர ஒரு பென் டிரைவை ஒதுக்கி, அதில் சிவப்பு நூல் கட்டி வையுங்கள். அது யூனிட்டை விட்டு வெளியே போகக் கூடாது, வெளியிலிருந்து வரும் பென் டிரைவ் மெஷினில் சொருகப்படக் கூடாது. பார்ட்டி பென் டிரைவைத்தான் கொடுப்பேன் என்றால் ஸ்கேன் செய்துவிட்டு, டிஎஸ்டியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா 2017இலிருந்து இலவசக் கருவிகள் தருகிறது. பென் டிரைவைக் கட்டுப்படுத்தும் யுஎஸ்பி பிரதிரோத் அவற்றில் ஒன்று.

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டன. உங்கள் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11 தாங்குமா என்று பிசி ஹெல்த் செக் நிரலை ஓட்டிப் பாருங்கள். தாங்கும் என்றால், பெட்டி வருவது நின்று ஒரு வாரம் கழித்து மாற்றுங்கள். பெட்டியோடு அப்படியே மேலேற்றினால், அந்தப் பழைய வரியும் கூடவே ஏறி வந்துவிடும்.